பெரியத்தான் கேட்ட உருளைக்கிழங்கு

போன கிழமை எக்ளின்ரன் வீதியில் பஸ் சிவப்பு விளக்குக்கு நின்றது. வலப்பக்கம் பார்த்தால் ஸ்பிரோவின் ஸ்ரேக் கடையை இடித்துக்கொண்டிருந்தார்கள். முன்சுவர் இல்லை. உள்ளே இருந்த சிவப்பு ரெக்சின் இருக்கைகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. கரி அடுப்பு இருந்த மூலையில் புகைக்கூடு மட்டும் தனியாக நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி நெஞ்சில் கையை வைத்து, தன்னுடைய கலியாண நாளெல்லாம் இங்கேதான் கொண்டாடியது என்று சொல்லிக் கண் கலங்கினாள். நானும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். சொல்லத் தொடங்கியிருந்தால் அவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியிருக்க மாட்டாள்.

பஸ் கண்ணாடி பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் அந்த மணம் எனக்கு வந்தது. கரியில் கொழுப்பு சொட்டி எரிகிற மணம்.

அந்த மணத்தை நான் முதலில் அறிந்தது கடையில் இல்லை, அத்தானின் ஜக்கற்றில். அத்தான் என்றால் என் அக்காவின் புருசன், ஜெயம். வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை உள்ள வீட்டில் அவரும் அக்காவும் நானும் இருந்தோம். எனக்குச் சோபா. அத்தானுக்கு ஸ்பிரோவின் கடையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிற வேலை. இரவு வேலையால் வந்ததும் ஜக்கற்றைக் கதவுக்குப் பின்னால் கொழுவுவார். விடிய எழும்பினால் வீடு முழுக்க அந்த மணம் நிற்கும். ஊரில் மாட்டிறைச்சி எங்கள் படலைக்குக் கிட்டவும் வந்ததில்லை. எனக்குக் குமட்டும். குமட்டிக்கொண்டே பசிக்கவும் செய்யும். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு அத்தானுக்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. நாங்கள் மோர்னிங்சைட்டுக்கு மாறினோம். ஆனால் அவருக்கு அந்தக் கடையை விட மனம் வரவில்லை. மகன் கிரிஷனின் முதலாவது பிறந்தநாளுக்கு எங்களை எல்லாம் அங்கே கூட்டிக்கொண்டு போனார். பின்கதவால் போய் வந்த மனுசனுக்கு முன்கதவால் போக ஆசை, அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அந்தக் கடைதான்.

முதல்நாள் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். கைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டுபோயிருந்தேன். இறைச்சியை நல்லாக எரித்துத் தரச் சொன்னேன். ஸ்பிரோ அடுப்பை விட்டு, கையில் இடுக்கியோடு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். தட்டையான தொப்பி, புருவமெல்லாம் புகை பிடித்த மனுசன். தான் முப்பது வருசமாக இந்த அடுப்பில் நிற்பதாகவும், இந்த மாட்டை இரண்டாம் தரம் கொல்லத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். அத்தானுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் பிடிவாதம் பிடித்தேன். செருப்புத் தோல் மாதிரி ஒன்று வந்தது. மிளகாய்த்தூளைக் கொட்டிக்கொண்டு அதை முழுக்கத் தின்றேன், மானப் பிரச்சினை.

எங்களுக்கு ஸ்ரேக் தின்னப் பழக்கியது அத்தானின் தமையன். அக்காவும் நானும் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவோம். மிசிசாகாவில் இருந்தார், விமான நிலையத்தில் வேலை. எங்கள் எல்லாருக்கும் முதல் கனடாவுக்கு வந்தவர் என்பதால் எல்லாம் தெரிந்தவர். எலும்போடு உள்ளதில் பெரியதைக் கேட்பார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். இரத்தம் கோப்பையில் ஓடும், அதை ரொட்டியால் துடைத்துத் தின்பார். "உதைத் தின்னாட்டி இந்தக் குளிரில நிக்கேலாது பிள்ளை. உன்ர மரக்கறியை வைச்சுக்கொண்டு நீ என்னெண்டு ஸ்னோ தள்ளப் போறாய்?" ஊருக்கு ரெலிபோன் எடுத்து ஆராவது என்ன சாப்பாடு என்று கேட்டால், "பெரிய ஆடு" என்பார். எங்கள் குடும்பத்தில் மாட்டிறைச்சிக்கு அதுதான் பேராகிவிட்டது.

அத்தான் போனது சமாதானம் என்று எல்லாரும் சொல்லித் திரிந்த காலத்தில். கிளிநொச்சியில் தகப்பன் படுக்கையில். ஒரு மாதத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தகப்பனின் செத்தவீட்டு அலுவல் முடிந்து புறப்பட இருந்த நேரம் திரும்பச் சண்டை தொடங்கி, பாதையைப் பூட்டிவிட்டார்கள். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருந்த மனுசன் வன்னிக்குள் அகப்பட்டுப் போனார். ஒட்டாவாவுக்கு எழுதினோம், அங்கத்தை ஆஸ்பத்திரி ஆட்களைப் பிடித்தோம், கோயில் கோயிலாகப் போனோம். முதல் இரண்டு வருசம் அவரே இடைக்கிடை ரெலிபோன் எடுத்தார். பிறகு வேறு ஆட்கள் அவரைக் கண்டதாகச் சொன்னார்கள். பிறகு அதுவும் இல்லை.

சண்டையின் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் ரெலிவிசனும் வானொலியும் நிற்கவில்லை. ரொறன்ரோ முழுக்க எங்கள் ஆட்களுக்கு யுத்தம் தெரிந்திருந்தது. பந்தி பந்தியாகச் சொன்னார்கள். பெரியத்தான் அதிலும் முன்னுக்கு. "ஒண்டும் நடக்காது. சனத்தை ஏத்தக் கப்பல் வருது. அமெரிக்காக்காரன் ஓமெண்டிட்டான்." எந்தக் கப்பல் என்று நான் கேட்டேன். "உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்," என்றார். கப்பல் வரவில்லை. சண்டை முடிந்தது. எங்களிடம் கப்பலைப் பற்றிக் கதைத்த ஒருத்தரும் பிறகு அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

ஒரு விசயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. எங்கள் ஆட்களின் வீட்டில் சாவு நடந்தால் துடக்கு. முப்பத்தொரு நாள் மச்சம் இல்லை; இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. தூரத்தில் நடந்த சாவென்றால் துடக்கு செத்த நாளிலிருந்து இல்லை, செய்தி கேட்ட நாளிலிருந்து. கேட்காத மட்டும் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

அந்த மே மாதம் எங்கள் மாடியில் பாதி வீடுகள் சைவமாகிவிட்டன. செத்தது ஆர், இருப்பது ஆர் என்று தெரியாமலே. தெரியாதபடியால்தான். அக்கா மட்டும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை சைவம் என்று வழக்கமாக வைத்திருந்தவள் அதையும் விட்டாள். வெள்ளிக்கிழமை மீன் வாங்கினாள். கதவைத் திறந்துவைத்துப் பொரித்தாள், மாடி முழுக்க மணக்கட்டும் என்று. முன்வீட்டு அன்ரி ஒரு நாள் மெல்லமாக, "பிள்ளை, ஊரே எரியுது, கொஞ்சநாள் சைவமாய் இருந்தால் என்ன?" என்று கேட்டா.

"ஏன் அன்ரி? என்ர வீட்டில ஆர் செத்தது?" என்றாள் அக்கா.

அன்ரி அதற்குப் பிறகு எங்கள் கதவைத் தட்டவில்லை.

அக்காவின் மகள் ஆரணிக்கு அந்தக் கிழமை எட்டு வயது வந்தது. அக்கா ஸ்பிரோவின் கடையில் ஞாயிற்றுக்கிழமைக்கு மேசை சொல்லிவைத்தாள். இந்த நேரத்தில் தேவையா என்று நானும் கேட்டேன். "அவர் நாளைக்கு வந்து, பிள்ளைக்கு ஏன் செய்யேல்லை எண்டு கேட்டால் நீயே பதில் சொல்லுவாய்?" என்றாள்.

பெரியத்தான் தனியாக வந்தார். மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் வேலை என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் வேலையோ என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை. வெளியில் நல்ல வெயில். உள்ளே வழமைபோல அரை இருட்டு, கரி அடுப்பின் வெளிச்சம். ஸ்பிரோவுக்கு வயது போய் கதிரையில் இருந்துகொண்டு அடுப்பைப் பார்த்தார். மகள் எலேனிதான் இப்போது எல்லாம். கொண்டையில் பென்சில் குத்தியிருப்பாள். வந்தவுடன், எப்போதும் கேட்பதுபோல, "ஜெய்யிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லை. ஆனால் வருவார்," என்று அக்கா இங்கிலீசில் சொன்னாள்.

பெரியத்தான் மெனுவைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த மெனு அவருக்கு மனப்பாடம். அதை அவர் வாசித்ததை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

பாருக்கு மேலே இருந்த ரெலிவிசனில் எங்கள் ஆட்கள். நகரத்துக்குள்ளே தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள், கையில் செத்தவர்களின் படங்கள். பக்கத்து மேசையில் இருந்த ஒருத்தன், நல்ல சேட்டுப் போட்ட ஆள், இவர்களால் தான் காருக்குள் மறிபட்டுக் கிடந்த கதையை மனுசிக்குச் சொன்னான். சண்டை பிடிக்க விருப்பமென்றால் தங்கள் நாட்டில் போய்ப் பிடிக்கட்டும் என்றான். சத்தமாகத்தான் சொன்னான். ஸ்பிரோ எழும்பிப்போய் ஹொக்கிக்கு மாற்றினார். எங்களுக்காக மாற்றினாரா, அவனுக்காக மாற்றினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஹொக்கிக்காகவும் இருக்கலாம்.

எலேனி பென்சிலை எடுத்தாள். பிள்ளைகள் சொன்னார்கள், அக்கா சொன்னாள், நான் சொன்னேன். பெரியத்தானைக் கேட்காமலே எழுதப் போனாள்.

"இல்லை, இல்லை. எனக்கு உருளைக்கிழங்கு மட்டும். சுட்டது. அதுக்கு மேல அந்தப் பன்றி இறைச்சித்தூள் போட வேண்டாம்."

கிரிஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "பெரியப்பா டயட்டாம்! ஆர் யூ சீரியஸ்?"

"கொலஸ்ரோலடா. டொக்ரர் பேசிப்போட்டார்."

"ஹூ ஆர் யூ, வாட் டிட் யூ டூ வித் பெரியப்பா?" என்றாள் ஆரணி. அவளுக்கு அன்றைக்கு எல்லாமே பகிடி.

அக்கா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

சாப்பாடு வந்தது. அக்கா ஆரணியின் இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தாள். பிறகு தன்னுடையதில் ஒரு துண்டை வெட்டினாள். முள்ளுக்கரண்டியால் குத்தி, எட்டி, பெரியத்தானின் கோப்பையில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு துண்டு. பிள்ளையின்ர பிறந்தநாள்."

"வேண்டாம் பிள்ளை."

"ஒரு துண்டுக்குக் கொலஸ்ரோல் ஏறாது. சாப்பிடுங்கோ."

இறைச்சியிலிருந்து சிவப்பாக ஊறி, கோப்பையில் மெல்ல ஓடியது. உருளைக்கிழங்கை நோக்கித்தான் ஓடியது. பெரியத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை, அவர் கேட்காமலே போனதுபோலப் போய், உருளைக்கிழங்கைக் கோப்பையின் மற்றக் கரைக்குத் தள்ளியது. அதில் படாமல்.

ரொட்டியால் துடைத்துத் தின்ற மனுசன்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எப்ப கேட்டனீங்கள்?"

அத்தான் இருக்கிறாரா, இல்லையா என்று கேட்கவில்லை. எப்போது கேட்டீர்கள் என்றுதான் கேட்டாள்.

அவர் அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. வேறு எதற்கும் பொய் வைத்திருந்திருப்பார். "வெள்ளிக்கிழமை," என்றார்.

என்னுடைய வாயில் இறைச்சி இருந்தது. துப்ப முடியுமா? விழுங்கினேன். அது இறங்கிய இடம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

அக்கா முள்ளையும் கத்தியையும் கோப்பையில் வைத்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். கிரிஷன் ஹொக்கியைப் பார்த்துக்கொண்டு மென்றான். ஆரணி துண்டுகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாகத் தின்றாள்.

"பிள்ளையள் சாப்பிட்டு முடிக்கட்டும்," என்றாள்.

அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். பிள்ளைகள் ஆறுதலாகச் சாப்பிட்டார்கள். எலேனி வந்து, இறைச்சியில் ஏதும் பிழையா என்று அக்காவைக் கேட்டாள். நல்லாயிருக்கு, பசி இல்லை என்றாள் அக்கா. கட்டித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள். அந்தப் பெரிய ஸ்ரேக், ஒரு மூலை மட்டும் வெட்டியது, அப்படியே திரும்பிப் போனது.

பிறகு விளக்கைக் குறைத்தார்கள். ஸ்பிரோ தானே எழும்பி, தடியை ஊன்றிக்கொண்டு, பால்சோற்றுப் புடிங்கில் மெழுகுதிரி குத்திக் கொண்டுவந்தார். கடை முழுக்கப் பாடியது. நல்ல சேட்டுப் போட்டவனும் பாடினான். எல்லாரையும்விடச் சத்தமாக, கையைத் தட்டி, எங்கள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பாடினான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பாட்டுக்குத்தான், அவன் முதலில் சொன்னதுக்கு இல்லை. அக்காவும் பாடினாள். ஒரு சொல்லும் தவறாமல் பாடினாள். பெரியத்தான் மட்டும் வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகளைக் காருக்குள் இருத்திக் கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னார். முகாமுக்கு வந்துசேர்ந்த பக்கத்துவீட்டுப் பெடியன் ஒருவன் ரெலிபோன் எடுத்தானாம். அத்தான் தண்ணிக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். பதுங்கு குழிக்குள்ளேயே வைத்து மூடினார்களாம். எந்த நாள் என்று பெடியனுக்குச் சரியாகத் தெரியாது. அங்கே அந்த நேரம் நாள் என்று ஒன்று இருக்கவில்லை என்றானாம்.

அக்கா அழவில்லை. "வெள்ளிக்கிழமை தொடக்கம் உங்கட வீட்டில சைவம்," என்றாள்.

அவர் காருக்குள் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

"நேற்று நான் நண்டு காய்ச்சினனான். நீங்கள் போன் எடுத்து, என்ன சமையல் எண்டு கேட்டனீங்கள். நண்டு எண்டு சொன்னனான். நல்லாச் சாப்பிடு எண்டு சொன்னனீங்கள்."

"கொஞ்ச நாள் நீ நிம்மதியா இருக்கட்டும் எண்டுதான் பிள்ளை..."

"அவர் உங்களுக்குத் தம்பி. எனக்கு ஆர்? உங்கட மனுசி துடக்குக் காக்கிறா. என்ர புருசனுக்கு. நான் நண்டு தின்னுறன்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அந்தக் காரில் சாய்ந்து நின்றார். பாவம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. மாதக்கணக்காக எங்களுக்குக் கப்பல் காட்டிய மனுசன். ரெலிபோனில் பொய் சொல்ல அவருக்கு வாய் வந்தது. அந்த ஒரு துண்டை வாயில் வைக்கத்தான் வரவில்லை. அதை மட்டும் விழுங்கியிருந்தால் அக்கா இன்னும் ஒரு கிழமை, ஒரு மாதம் நம்பியிருப்பாள். எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்கா அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கோயிலில் ஐயர் திதி கேட்டார். தெரியாது என்றாள். ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஐயர். ஏதாவது ஒரு நாள் சாகிறதுக்கு என்ர புருசன் என்ன நாயா என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் திவசம் என்று ஒன்று அதோடு இல்லாமல் போனது. சில வருசம் கழித்துப் பெரியத்தான் மிசிசாகாவில் மாரடைப்பில் போனார். அக்கா செத்தவீட்டுக்குப் போனாள், பெட்டியைப் பார்த்தாள், வந்து குளித்தாள். பின்னேரம் கதவைத் திறந்துவைத்து மீன் பொரித்தாள். முன்வீட்டு அன்ரியும் அப்போது இல்லை, மணக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

ஸ்பிரோவின் கடைக்கு நாங்கள் பிறகு போகவில்லை. அவர் செத்ததும் எலேனி விற்றதும் பத்திரிகையில் பார்த்ததுதான். அந்த இடத்தில் மாடிக்கட்டடம் வரப்போகிறதாம். அத்தான் கோப்பை கழுவிய அந்தப் பின்பக்கத்துக்குத்தான் வாகனம் இறங்குகிற வழி வரும் போலிருக்கிறது.

பஸ்ஸால் இறங்கி ஆரணிக்கு ரெலிபோன் எடுத்தேன். கிரிஷன் மேற்கே கல்கரிப் பக்கம் போய்விட்டான், அவன் போன் எடுக்கமாட்டான். ஆரணி படித்து முடித்து அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். தகப்பன் செத்த செய்தியை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த கிழமையில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தால் வந்தபின், அக்கா இரண்டு பேரையும் கட்டிலில் இருத்திச் சொன்னவள். மேசையில் நடந்ததை ஒருத்தரும் சொல்லவில்லை. கடையை இடிக்கிறார்கள் என்றேன்.

"ஓ நோ, சித்தி. என்ர எட்டாவது பேர்த்டே அங்கதானே? அண்டைக்கு ஒருத்தரும் எங்களைக் கெதியாச் சாப்பிடு, கெதியாச் சாப்பிடு எண்டு கத்தேல்லை. அம்மா என்னோட பாடினவ. பெரியப்பா தன்ர புடிங்கையும் எனக்குத் தந்தவர். பெஸ்ட் பேர்த்டே எவர்."

"ஓம்," என்றேன்.

பிறகு கேட்டாள்.

"அப்பா செத்தது அதுக்குப் பிறகுதானே, சித்தி?"

"ஓம் பிள்ளை. அதுக்குப் பிறகுதான்."